பக்கத்து வீட்டுப் பிள்ளை

பிப்ரவரியின் கடைசி சனிக்கிழமை.
மார்ச் பிறந்தால் பள்ளி.
மோன்டெவீடியோவில், செர்ரோ குன்றின் சரிவில்,
இறைச்சி ஆலை மூடியபின்
தானும் பாதி மூடிக்கொண்ட ஒரு தெருவில்
பந்துருட்டும் கிளப்பின் கூடத்தைத் திறந்து வைத்திருக்கிறோம்.
பெஞ்சுகள் மேல் பலகை. பலகை மேல்
வெள்ளை அங்கிகள், நூற்று நாற்பத்து மூன்று.

இந்த நாட்டில் அரசுப் பள்ளிக்குப் போகிற எவருக்கும்
அதே வெள்ளை அங்கி, கழுத்தில் அதே நீல ரிப்பன்.
வங்கிக்காரர் மகளும்
தள்ளுவண்டியில் அட்டை பொறுக்குகிறவர் மகளும்
தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று.
கிட்டப் போனால்தான் தெரியும்
எது கடையில் மடித்தது,
எது முழங்கையில் நூலாய்ப் போனது.
அந்தக் கிட்டத்தைத்தான்
மூன்று வாரமாகச் சோப்புப் போட்டுத் துவைத்தோம்.

நான் பஸ் கண்டக்டர்.
சில்லறை எண்ணிய விரல்களால் ரிப்பன் கட்டப் பழகினேன்.
முதல் இருபதும் முயல் காதுகளாக வந்தன.
பிளம்பர் வாஷிங்டன்
(எங்களில் மூன்று பேருக்கு வாஷிங்டன் என்று பெயர்;
இது உருகுவே, அப்படித்தான்)
எலுமிச்சையும் உப்புமாய் மைக்கறையோடு மல்லுக்கட்டினார்.
மூக்கிலிருந்து சொட்டிய ரத்தம் ஒன்று, போகவே இல்லை.
அதன் மேல் ஒலிந்தா ஒரு பை தைத்தாள்.
யார் கை நுழையப்போகிறதோ அந்தப் பைக்குள்.

காலரின் உட்புறம் பழைய பெயர்கள்.
நூலைப் பிரித்துவிட்டாலும்
ஊசித் துளைகள் எழுத்தாகவே நிற்கின்றன:
மைக்கோல், அதன் கீழே யாமிலா,
அதற்கும் கீழே பாதி அழிந்த யாரோ.

ஒன்பது மணிக்கு முதல் ஆள்.
"எனக்கில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. ஆறாம் அளவு."
நில்சா நோட்டில் எழுதினாள்: பக்கத்து வீடு, 6.
அடுத்தவர் துறைமுகத்தில் வேலை போனவர்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, எட்டு.
இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி,
பக்கத்து வீட்டில் இரண்டு பேராம், எட்டும் பத்தும்.
சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துவந்த ஒருவர்
பலகையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.
பக்கத்து வீடு. பதினான்கு.

மதியத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு
ஆறு வயதும் ஆகியிருந்தது, பன்னிரண்டும் ஆகியிருந்தது.
குட்டை. நெட்டை. தோள் ஒடுங்கி, தோள் அகன்று,
குன்று முழுக்க
எல்லா வீட்டுக்கும் பக்கத்தில் குடியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.
மூன்றாம் வாஷிங்டன் ஒருமுறை வாயெடுத்தார்.
நில்சா மாத்தே குடுவையை அவர் கையில் திணித்தாள்.
உறிஞ்சுகிற வாய் பேசாது.

ஒரு சிறுமிதான் போட்டு உடைத்தாள்.
அம்மா, "பக்கத்து வீட்டு" என்று தொடங்குமுன்
இரு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்று,
"நான்தான் பக்கத்து வீடு," என்றாள்.
அங்கியைத் தலைவழி இறக்கினேன்.
கை கொஞ்சம் நீளம். இரண்டு மடிப்பு மடித்தேன்.
அம்மா வாசல் பக்கம் திரும்பி
வெளியே இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம். மிச்சம் பதினொன்று.
தரையைப் பெருக்கினோம், பெஞ்சுகளை ஏற்றினோம்.
எங்கள் பஸ்ஸில் டிசம்பரில் ஒரு கருவி வைத்தார்கள்.
டிக்கெட்டை அதுவே கொடுக்கிறது.
எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.
மற்ற நாட்களிலும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்;
மூன்று வாரம் துவைக்க நேரம் எப்படிக் கிடைத்தது என்று
இங்கே ஒருவரும் கேட்கவில்லை.
என் மகன் லியாந்த்ரோ
இந்தக் கோடையில் ஒரு சாண் வளர்ந்துவிட்டான்,
யாரையும் கேட்காமல்.

"நில்சா," என்றேன். "பக்கத்து வீட்டில்..."
அவள் தலை நிமிரவில்லை.
பேனா முன்பே நகர்ந்திருந்தது: 12.
"ரிப்பனை ஒலிந்தாவைக் கட்டச் சொல்,"
என்றாள் நோட்டை மூடியபடி.
"உன் முயல் காதை
இந்தக் குன்றில் எல்லோருக்கும் தெரியும்."